எந்த டி?

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, கேட்டு எழுதினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து சட்டையைப் பிடிக்கக் கூடாது.

ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு ஓர் ஆசை வந்தது. என் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் முகவரிகளில் பின்னால் வேறு எவனோ ஒருவனுடைய கம்பெனி பெயர் தொங்குமே, அது கூடாது. ஊரப்பாக்கத்தில் ரயிலேறிச் செங்கல்பட்டில் இறங்கி, ரூத் என்பவளைப் போய்ப் பார்த்தேன். அரைமணி நேரத்தில் என் வேலையை முடித்துக் கொடுத்தாள். "இருங்க சார், டீ சொல்லிக்கீறேன்" என்றாள். டீ வருவதற்குள் பேச்சு வளர்ந்தது. டீ ஆறிப்போனதும் எனக்குக் கதை கிடைத்துவிட்டது.

தொடக்கம்தான் கிடைக்கவில்லை. மூன்று எழுதிப் பார்த்தேன்.

"மாமல்லபுரத்துக் கடற்கரையில் அலைகள் ஓய்வில்லாமல் வந்து—" கதையில் யாரும் கடற்கரைப் பக்கமே போகவில்லை. அடித்துவிட்டேன்.

"கடிதங்கள் செத்துப்போன இந்தக் காலத்தில்—" கடிதங்கள் சாகவில்லை. பாதிக்கு மேல் விளம்பரமாக வருகின்றன, அவ்வளவுதான். அதுவும் போயிற்று.

"கணினி நிபுணன் ஜெபகுமார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு—" ரூத்தை ஆணாக்கிவிட்டால் ஆள் அடையாளம் தெரியாது என்று எனக்குள் ஒரு சாமர்த்தியம். அவளிடமே படித்துக் காட்டினேன். "இன்னா சார் இது, தப்பு பண்ணது நானு, பேரு மட்டும் ஆம்பளைக்கா?" என்றாள். ஆகவே ரூத் ரூத்தாகவே இருக்கிறாள். (அதுவும் அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. அதற்கு மேல் என்னால் இறங்கி வர முடியாது.)

2

ரூத்துக்கு முப்பத்தாறு வயது. மருந்துக் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் கொளவாய் ஏரியும், கரையை ஒட்டிப் போகிற ரயிலும் தெரியும். சின்னச் சின்னக் கம்பெனிகளின் மின்னஞ்சலைப் பார்த்துக்கொள்வது தொழில். கடிதங்கள் வந்து இறங்கும் இயந்திரம் மும்பையில் எங்கோ இருக்கிறது. சாவி மட்டும் ரூத்திடம்.

அந்த இயந்திரத்தில் முதலில் ஒரே குடித்தனம்தான். மறைமலைநகரில் கார்களுக்கான தகட்டு உறுப்புகளை அடித்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலை. பிறகு மாமல்லபுரத்தில் தீனதயாளன் என்பவர் நடத்தும் ஓட்டல் வந்து சேர்ந்தது. சீசன் நேரம், அவர் அவசரப்படுத்தினார். ரூத்தும் ஓட்டலைத் தொழிற்சாலை இருந்த அதே பட்டியலில் செருகிவிட்டாள்.

வினை அங்கேதான். 'இன்ஃபோ' என்ற பெயரில் ஒரு முகவரி இல்லாத கம்பெனி உண்டா? ஓட்டலுக்கும் ஒரு இன்ஃபோ, தொழிற்சாலைக்கும் ஒரு இன்ஃபோ. எல்லாரையும் ஒரே பட்டியலில் வைத்தால் இயந்திரம் பெயரை மட்டும்தான் பார்க்கும், எந்தக் கம்பெனி என்று பார்க்காது. பிரான்ஸிலிருந்து ஓர் அம்மாள், கடல் பார்த்த அறை இரண்டு இரவுகளுக்குக் கிடைக்குமா என்று ஓட்டலைக் கேட்டு எழுதினாள். கடிதம் தொழிற்சாலையில் தமிழ்வாணன் என்கிற அதிகாரியின் மேஜைக்குப் போயிற்று. அவர் பொறுப்பானவர். "அளவுகளுடன் டிராயிங் அனுப்பவும். ஐந்நூறுக்குக் குறைந்து செய்வதில்லை" என்று அன்றே பதில் போட்டுவிட்டார்.

"அந்தம்மா நம்ம ஓட்டல இன்னான்னு நெனச்சிருக்கும்?" என்று தீனதயாளன் போனில் கத்தினார். ரூத் அன்றைக்கே முடிவெடுத்தாள். எல்லாரையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவது.

[இதற்குத் தொழிலில் விர்ச்சுவல் டொமைன் என்று பெயர். நான் அதை 'மெய்நிகர் களம்' என்று எழுதினால் நீங்கள் எழுந்து காபி போடப் போய்விடுவீர்கள். போர்ஷன் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வீடு, பல போர்ஷன், ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனிப் பெயர்ப்பலகை. அந்தப் போர்ஷன் இன்ஃபோ வேறு, இந்தப் போர்ஷன் இன்ஃபோ வேறு. இயந்திரத்திடம் இரண்டு பட்டியல் இருக்கும். ஒன்று வீட்டுக்காரர்கள், மற்றது குடியிருப்பவர்கள். ஒரே கம்பெனி பெயரை இரண்டிலும் எழுதினால் அது குழம்பிப்போய்க் குடியிருப்பவரை வீட்டுக்காரர்களுக்குள் தேடும். இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சத்தை ரூத் பார்த்துக்கொள்வாள்.]

வெள்ளிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினாள். தொழிற்சாலையை முதல் பட்டியலில் அழித்து இரண்டாவதில் எழுதினாள். பிறகு ஆட்களின் அட்டவணை. இடப்பக்கம் வருகிற முகவரி, வலப்பக்கம் அது போய்ச் சேரவேண்டிய பெட்டி. நூற்று நாற்பத்தேழு வரிகள். ஒவ்வொன்றாகக் கையால் எழுதினாள், ஏனென்றால் பழைய பட்டியலின் மேல் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது.

எழுதும்போது ஒன்றிரண்டு விட்டுப்போகும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கும் ஒரு ஏற்பாடு செய்தாள். பட்டியலில் இல்லாத ஒருவருக்குக் கடிதம் வந்தால் இயந்திரம் "இப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று சொல்லும். சொன்னால் முடிந்தது. கொண்டுவந்தவர் திரும்பிப் போய்விடுவார், மறுபடி வரமாட்டார். குடிமாற்றும் நாட்களில் மட்டும் அந்த "இல்லை"யை "இப்போது முடியாது, அப்புறம் வாருங்கள்" என்று மாற்றி வைக்க ஒரு வழி உண்டு. அப்படிச் சொன்னால் அனுப்புகிற இயந்திரம் கடிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். ரூத் அதைப் போட்டு வைத்தாள். நான்கு நாளைக்கு யாருக்கும் "இல்லை" சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

3

இனி ஜெயப்பிரியா.

இவளை எனக்கு நேரில் தெரியாது. முப்பது வயது, மறைமலைநகர்த் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவு. வேடந்தாங்கல் பக்கத்து ஊரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறாள். உயரமா குள்ளமா, சிரித்தால் எப்படி இருக்கும், ஒன்றும் தெரியாது. ரூத்தும் அவளைப் பார்த்ததில்லை. இருவரும் போனிலும் அட்டவணையிலும் மட்டுமே பழகியவர்கள்.

குடிமாற்றுவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை மாலை, ஜெயப்பிரியாவிடமிருந்து ரூத்தின் வாட்ஸப்புக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பஸ்ஸுக்குள்ளிருந்து பேசியிருக்கிறாள். பின்னால் ஹாரன், யாருடைய போனிலோ பாட்டு.

"அக்கா, குவாலிட்டி ஜெயப்பிரியா பேசறேன். எனக்கு ரெண்டு ஐடி கீதில்லக்கா? அதுல டி-ய தூக்கிடுங்க. டி மட்டும் போதும். மறந்துடாதீங்கக்கா, தாங்க்ஸ்."

ரூத் இரண்டு முறை போட்டுக் கேட்டாள். சிரிப்பு வந்தது.

அந்தத் தொழிற்சாலையில் முகவரி என்றால் பெயரும் இனிஷியலும். வேலைக்குச் சேர்ந்தபோது ஜெயப்பிரியாவுக்கு அப்பா தர்மராஜின் டி. கல்யாணமானதும் ஆபீஸில் கணவன் திருவேங்கடத்தின் டி-யைச் சேர்த்தார்கள். ஒன்று ஆங்கிலத்தில் நான்காவது எழுத்து, மற்றது இருபதாவது. நம் வாயில் இரண்டும் டி. இரண்டு முகவரிக்கும் பெட்டி ஒன்றுதான். தமிழிலேயே இனிஷியல் போட்டிருந்தால் த, தி என்று இரண்டு தனித்தனி எழுத்து. இந்தக் கதையே பிறந்திருக்காது, நானும் வேறு ஏதாவது உருப்படியாக எழுதியிருப்பேன்.

ரூத் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சத்தத்தில் காது ஏமாற்றியது என்று அவள் மேல் இரக்கப்பட்டு எழுதத் தொடங்கினேன். அவளே தடுத்துவிட்டாள். "காதெல்லாம் நல்லாத்தான் கீது சார். யோசிக்கவே இல்ல நானு." அவளுக்கும் கல்யாணத்துக்கு முன்னால் அப்பா ஜெபசிங்கின் ஜே இருந்தது. ஆல்வினைக் கட்டிக்கொண்ட மறுவாரமே ஆசை ஆசையாக ஏ என்று மாற்றிக்கொண்டாள். வங்கியில், ஆதாரில், சர்ச் ரெஜிஸ்டரில், எல்லா இடத்திலும். கல்யாணமான பெண் ஒரு எழுத்தை விடுகிறாள் என்றால் அது அப்பா எழுத்துதான் என்று அவள் கை தானாகவே முடிவு செய்தது. வெள்ளிக்கிழமை அட்டவணையில் கணவன் டி-யை எழுதினாள், அப்பா டி-யை விட்டுவிட்டாள்.

4

திங்கட்கிழமை மூன்று இருபதுக்குப் போன் வந்தது. தொழிற்சாலையில் அது டீ நேரம், பத்து நிமிஷம்தான்.

"அக்கா, டி-ய தூக்க சொன்னனே. இன்னும் வந்துகினுதான் கீது."

"வெள்ளிக்கெழமயே தூக்கிட்டனேம்மா."

"இல்லக்கா. காலைல கூட அவரு மெயிலு வந்துச்சு."

"எவரு?"

"திருவேங்கடம்."

ரூத் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஜெயா, நீ எந்த டி-ய சொன்ன?"

"டி-க்கா. புருஷன் டி."

"ஐயோ. நான் அப்பா டி-ய தூக்கிட்டேன்."

தூரத்தில் பிரஸ் மிஷின் அடித்துக்கொண்டிருந்தது. ஜெயப்பிரியா மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா டி-யவாக்கா? அதுலதான் நான் ஓசூருக்கு அப்ளை பண்ணிக்கீறேன்."

[இந்த இடத்தில் திருவேங்கடத்தைப் பற்றி ஒரு பத்தி வரவேண்டும் என்று கதை கேட்கிறது. "அவன் குடித்துவிட்டு வந்து—" என்று தொடங்கினேன். நிறுத்திவிட்டேன். அவன் குடிப்பானா என்று ரூத்துக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான். ஒன்றரை வருஷமாக ஜெயப்பிரியா அம்மா கன்னியம்மாவோடு இருக்கிறாள். போனில் அவனைத் தடுத்துவிட்டாள். அதனால் அவன் ஆபீஸ் முகவரிக்குத் தினமும் எழுதுகிறான். காலையில் பெட்டியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அவன்தான். ஒரு நாளை அப்படித் தொடங்குவது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.]

ஓசூரில் ஒரு லேப். அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் இடம். நேர்காணல் நன்றாகத்தான் செய்திருந்தாள். வேலையோடு தங்க வீடும் உண்டு, கன்னியம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம். தேர்வானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் வெள்ளிக்கிழமை கடிதம் வரும், தேர்வானவர்கள் திங்கட்கிழமை ஐந்து மணிக்குள் பதில் போடவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சான்றிதழில் இருக்கும் பெயர் அப்பா டி என்பதால் அந்த முகவரியையே கொடுத்திருந்தாள்.

"வெள்ளிக்கெழமல இருந்து பாத்துகினே இருந்தேன்க்கா. ஒண்ணியும் வரல. ஆகாதுன்னு சொல்லக் கூட நம்மள ஒரு ஆளா மதிக்கலன்னு விட்டுட்டேன்."

ரூத் பேசிக்கொண்டே இயந்திரத்தின் குறிப்பேட்டைத் திறந்தாள். யார், யாருக்கு, எத்தனை மணிக்கு என்று அதில் இருக்கும், கடிதத்துக்குள் என்ன என்று இருக்காது. அப்பா டி-யைத் தேடினாள். திரையில் வரிசையாக வந்து விழுந்தது. வெள்ளி பதினொன்று நாற்பது, ஓசூர். அப்புறம் வாருங்கள். பதினொன்று ஐம்பது, ஓசூர். அப்புறம் வாருங்கள். சனி, ஞாயிறு, இன்று காலை. எண்ணிப் பார்த்தாள், இருபத்து மூன்று முறை.

ஒரு பெண் வெள்ளிக்கிழமையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளைத் தேடி வந்தவரை இருபத்து மூன்று முறை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது தான்தான் என்று நினைத்தபோது ரூத்துக்கு வெட்கமாக இருந்தது.

"ஜெயா, மெயிலு வந்துக்கீது. நாந்தான் உள்ள வுடல. என் தப்பும்மா, மன்னிச்சிடு."

சொல்லிக்கொண்டே அப்பா டி-யை அட்டவணையில் எழுதினாள், கணவன் டி-யை அழித்தாள். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அனுப்புகிற இயந்திரங்கள் முதலில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வரும், போகப்போக இடைவெளியை நீட்டிக்கொண்டே போகும். ஓசூர்க்காரருடைய இயந்திரம் இப்போது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. கடைசியாக வந்தது ஒன்று பத்துக்கு. அடுத்து வரும்போது ஐந்து தாண்டிவிடும்.

"காத்துகினு இருக்காத. நீயே போன் போட்டு, மெயிலு வரல, மறுபடி அனுப்புங்கன்னு கேளு."

"வேணாம்க்கா."

"ஏன்?"

"ஆகாதுன்னுதான் போட்டிருப்பாங்க. அத வேற போன் போட்டு கேட்டு வாங்கணுமா?"

டீ நேரத்தில் இன்னும் மூன்று நிமிஷம்தான் இருந்தது.

"இருவத்திமூணு தடவ வந்து கதவ தட்டிக்கீறாங்க உன்னத் தேடி. வேணாம்னு சொல்றவன் இத்தினி தடவ வருவானா?"

"நெஜமாவாக்கா?"

"நெஜமாத்தான். நான் எத்தினி வருஷமா இத பாத்துகினு கீறேன்."

5

அது பொய்.

இயந்திரத்துக்குக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. "வாருங்கள்" என்ற கடிதத்தையும் "வேண்டாம்" என்ற கடிதத்தையும் அது ஒரே பிடிவாதத்தோடுதான் தூக்கிக்கொண்டு அலையும். இது ரூத்துக்கு எவரையும்விட நன்றாகத் தெரியும்.

ஆகவே முதல் பிரதியில் அந்த வரியை நீக்கிவிட்டு, "உன் இஷ்டம்மா" என்று ரூத் சொல்வதாக எழுதினேன். தொழில் தெரிந்தவள் தன் தொழிலைப் பற்றியே பொய் சொல்லுவாளா என்று வாசகர்கள் கேட்பார்களே என்ற பயம். ரூத் படித்தாள். காகிதத்தை மேஜையில் போட்டாள்.

"அத எடுத்தீங்கன்னா கதையே வேணாம் சார்."

"பொய்யாச்சேம்மா."

"தெரிஞ்சுதான் சொன்னேன். மிஷினு தப்பு பண்ணல சார், நான் பண்ணேன். அந்தப் பொண்ணுக்கு அப்ப ஒரு தைரியம் வேணும். என்கிட்ட வேற இன்னா இருந்துச்சு குடுக்கறதுக்கு?"

வரியைத் திருப்பிப் போட்டுவிட்டேன். முப்பது வருஷமாகப் பொய் எழுதிப் பிழைக்கிறவன், வேறொருத்தி ஒரே ஒரு பொய் சொன்னதற்கு நியாயம் கேட்கப் போனேன் பாருங்கள்.

6

மற்றதெல்லாம் குறிப்பேட்டில் இருக்கிறது.

நான்கு முப்பத்தெட்டுக்கு ஓசூரிலிருந்து ஜெயப்பிரியாவுக்கு, அப்பா டி-க்கு, ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. அப்படியென்றால் போன் போட்டிருக்கிறாள். நான்கு ஐம்பத்தொன்றுக்கு அதே முகவரியிலிருந்து ஓசூருக்கு ஒரு கடிதம் போனது. ஐந்து பன்னிரண்டுக்கு, வெள்ளிக்கிழமையிலிருந்து அலைந்துகொண்டிருந்த அந்தப் பழைய கடிதமும் வந்து சேர்ந்தது. இருபத்து நான்காவது முறை. பாவம், அதற்குள் வேலை முடிந்திருந்தது.

ரூத் நினைத்திருந்தால் திறந்து பார்த்திருக்கலாம். சாவி அவளிடம்தான் இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்தில் ஒருவருடைய கடிதத்தைக்கூடத் திறந்ததில்லை, அன்றும் திறக்கவில்லை. மறுநாள் அந்த "அப்புறம் வாருங்கள்" ஏற்பாட்டை எடுத்துவிட்டாள். திருவேங்கடத்தின் அன்றாடக் கடிதம் வந்தபோது இயந்திரம் முதல் தடவையாக "இல்லை" என்று சொன்னது.

எனக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. கதாசிரியன், எந்தப் பெட்டியையும் திறக்கலாம். மூன்று விதமாகத் திறந்து பார்த்தேன்.

முதலாவதில் அவள் தேர்வாகியிருந்தாள், சம்மதம் என்று பதில் போட்டாள். ரூத்திடம் சொன்னதற்கு, "சினிமா மாரி கீது" என்றாள்.

இரண்டாவதில் தேர்வாகியிருந்தாள், ஆனால் வரமுடியாது என்று எழுதினாள். கன்னியம்மாவுக்கு நிலத்தை விட்டு வர மனமில்லை என்று ஒரு காரணமும் யோசித்து வைத்தேன். ரூத் முறைத்தாள்.

மூன்றாவதில் தேர்வாகவில்லை. பிறகு எதற்கு நான்கு ஐம்பத்தொன்றுக்குப் பதில் போனது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ரூத்தான் விளக்கினாள். "ஆகலன்னாலும் அது தாங்க்ஸ்னு பதில் போடும் சார். அந்தப் பொண்ணு தாங்க்ஸ் சொல்லாம போனையே வைக்காது."

அதுதான் என்னைக் கவிழ்த்தது. அந்த ஒரு பதிலுக்குள் மூன்று முடிவுகளும் உட்கார இடம் இருந்தது.

7

இந்த இடத்தில் கதையை நிறுத்தி அலமாரியில் வைத்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் சம்பந்தப்பட்டவளிடம் ஒரு வார்த்தை கேட்பதுதான் மரியாதை என்று தோன்றியது. ரூத்திடம் எண் கேட்டால் கொடுக்கமாட்டாள். முகவரிதான் தெரியுமே என்று என் புது முகவரியிலிருந்து அப்பா டி-க்கு எழுதினேன். நான் இன்னார், உங்களைப் பற்றி ஒரு கதை எழுதியிருக்கிறேன், பெயர் மாற்றியிருக்கிறேன், வெளியிடலாமா, முடிவு என்ன என்று சொன்னால்—

முழுசாக ஒரு நிமிஷம் ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. அவளிடமிருந்து அல்ல, இயந்திரத்திடமிருந்து.

இப்படி ஒருவர் இங்கே இல்லை.

சந்தேகத்துக்குக் கணவன் டி-க்கும் அனுப்பினேன். அங்கேயும் இல்லை. ரூத்துக்குப் போன் போட்டேன்.

"இன்னாம்மா, மறுபடியும் டி-ய மாத்தி எடுத்துட்டியா?"

"அதெல்லாம் இல்ல சார். இந்த வாட்டி கம்பெனில எழுத்துலயே வாங்கிக்கினேன். போன மாசக் கடைசி தேதியோட எடுத்துடுங்கன்னு லெட்டர் குடுத்தாங்க. முழுப் பேரு போட்டு, அப்பா பேரு போட்டு."

"எங்கே போச்சு அந்தப் பொண்ணு?"

"அத நான் சொல்லலாமா சார்?" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. "டீ சாப்ட வாங்க" என்று வைத்துவிட்டாள்.

ஆகவே முடிவு என் கையில் இல்லை. ஓசூரோ, அதையும் தாண்டி வேறு ஊரோ, கன்னியம்மாவோடோ தனியாகவோ, புது இடத்தில் தன் பெயருக்குப் பக்கத்தில் எந்த எழுத்தை வைத்துக்கொண்டாளோ, அல்லது எழுத்தே வேண்டாம் என்று விட்டாளோ, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் தலையிடமாட்டேன். பத்திரிகைகளும் பதிப்பாளர்களும் எனக்கு அனுப்பிய மறுப்புக் கடிதங்கள் நூற்றுக்கு மேல் இருக்கும், எல்லாவற்றையும் அன்றன்றே கிழித்துப் போட்டிருக்கிறேன். இயந்திரம் அனுப்பிய இந்த "இல்லை"யை மட்டும் தாளில் எடுத்து மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.